அறியாமல் இழைத்த தீங்கு

ஓங்கில் எனப்படும் டால்பின்களில் மிகச் சிறியவற்றுள் ஒன்று, நியூசிலாந்தின் கரையோரக் கடலில் மட்டுமே வாழும் ஹெக்டர் ஓங்கில். அதன் கிளையினமான மாவுயி, வடதீவின் மேற்குக் கரையில் மட்டும் எஞ்சியுள்ளது. ஓராண்டு வயதைக் கடந்தவை ஏறத்தாழ 54 என்று 2020-21-இல் மதிப்பிட்டனர். கரையொதுங்கியவை உள்ளிட்ட 28 ஓங்கில்களின் உடல்களை மாசே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தனர். அவற்றுள் 7, டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி உடலெங்கும் பரவியதால் மாண்டவை என 2013-இல் தெரிவித்தனர்.

இவ்வொட்டுண்ணி தன் முட்டையுறைகளைப் பூனையினத்தின் குடலில் மட்டுமே உருவாக்கும். பூனையின் கழிவோடு வெளியேறும் அவற்றை மழைநீர் ஓடைக்கும், ஆற்றுக்கும், கடலுக்கும் அடித்துச் செல்லும். மாதக்கணக்கில் அவை அழிவதில்லை. பூனையோ அந்நாட்டின் இயல்பான உயிரினம் அன்று. ஐரோப்பியரின் கப்பல்களில் வந்திறங்கியது. வாழ்நாளில் பூனையைக் கண்டிராத உயிர், பூனை வழி வந்த நோயால் மடிகிறது.

இதில் குற்றவாளி யார்? பூனைக்கு மனச்சான்று இல்லை. அதைக் கொணர்ந்தோர் எதையும் அறியார். இவ்வொட்டுண்ணி கண்டறியப்பட்டதே 1908-இல்தான். இதைப் பரப்புவதில் பூனைக்குள்ள பங்கு 1970-ஐ ஒட்டியே தெளிவாயிற்று. வெல்ல இயலாத அறியாமையில் செய்தது பாவமாகாது என்று அறநெறி இறையியல் கற்பிக்கிறது. அது உண்மையே.

ஆயினும், ‘பாவமில்லை’ என்பதோடு கடமை முடிந்துவிடுமா? அறியாமல் செய்த பிழைக்கும் பரிகாரம் வேண்டும் என்கிறது லேவியர் நூலின் ஐந்தாம் அதிகாரம். நம் வீட்டுக் கழிவுநீர் நமக்குத் தெரியாமலே அண்டை வீட்டாரின் கிணற்றில் கசிந்ததென்று கொள்வோம். நேற்றுவரை நாம் குற்றமற்றவர்கள். இன்று அவர் வந்து சொன்ன பின்னும் வாளாவிருப்போமாயின், அதற்குப் பெயர் அறியாமை அன்று. நேற்றைய கசிவுக்கு நம்மீது பழியில்லை. எனினும் அக்கிணற்றைத் தூய்மையாக்கும் கடன் நம்முடையதே.

அங்கேயும் அப்படித்தான். பூனையை வெறுப்பது தீர்வாகாது. வளர்ப்போர் அதை வீட்டுக்குள் பேணலாம். அதன் கழிவை நீரில் கலக்காது அகற்றலாம். ஓடைக்கரைச் செடிகளையும் சதுப்பு நிலங்களையும் காக்கலாம். சிறு செயல்கள்தாம். ஆனால், அறிந்தவர்களுக்கு இவை விருப்பச் செயல்கள் அல்ல, கடமைகள்.

மனச்சான்றை ஆய்ந்து பார்க்கையில் ‘என்ன செய்தோம்?’ என்று நம்மை நாமே கேட்கிறோம். ‘நாம் செய்தது எங்கே போய்ச் சேர்ந்தது?’ என்றும் இனிக் கேட்போமா?