பார்க்கப் போனவர் எதைப் பார்த்தார்?

அயல்நாடு சென்று பெரிய வங்கிகளையும் வர்த்தகச் சபைகளையும் அரசாங்க இலாகாக்களையும் கண்டு, அங்குள்ள பெரிய மனிதர்களோடு அளவளாவித் திரும்பும் வாய்ப்பு இன்று நம் வர்த்தக வாலிபர்கள் பலருக்குக் கிட்டுகிறது. மகிழ்கிறோம். ஆனால், திரும்பி வந்தவரிடம் "என்ன கண்டீர்கள்?" என்று கேட்டால், யார் யாரோடு கை குலுக்கினார் என்பதே பெரும்பாலும் பதிலாக வருகிறது. புகைப்படமும் உடன் வருகிறது! செல்வாக்குள்ளோரைச் சந்திப்பதும் அறிவைத் தேடுவதும் ஒன்றுதானா?

இக்கேள்வி எழும்போதெல்லாம் ஜப்பானியரான ஷிபுசாவா எயிச்சி நம் நினைவுக்கு வருகிறார். விவசாயத்தோடு நீலச் சாய வியாபாரமும் செய்த குடும்பத்தில் 1840-ல் பிறந்தவர். இளமையில் ஒருநாள், தந்தைக்குப் பதிலாக உள்ளூர் அதிகாரி முன் போய் நின்றார். ஐந்நூறு பொற்காசு கட்டு என்றார் அதிகாரி. தந்தையைக் கேட்டுச் சொல்கிறேன் என்றதற்கு வசைமொழிதான் கிடைத்தது. வியாபாரி என்றால் குனிந்து நிற்க வேண்டிய காலம் அது.

1867-ல் பாரிஸ் நகரில் நடந்த உலகப் பொருட்காட்சிக்கு, அந்நாட்டை ஆண்ட ஷோகன் தம் இளைய சகோதரரை அனுப்பியபோது, கணக்கு வழக்குகளைப் பார்க்க ஷிபுசாவாவும் உடன் சென்றார். அங்கே அவர்களுக்குத் துணையாக இருந்தவர்கள் ஒரு வங்கியாளரும் ஒரு ராணுவ அதிகாரியும். இருவரும் சரிசமமாக அமர்ந்து பேசினர். வங்கியாளர் சொன்னதை அதிகாரி மதித்துக் கேட்டார். பொருட்காட்சியின் இயந்திரங்களைவிட இதுவே ஷிபுசாவாவின் மனத்தில் தைத்தது. இதைக் காட்டுவதற்காக எவரும் அவரை அழைத்துச் செல்லவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

அதே பிரயாணத்தில் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டையும் கண்டனர். எங்கள் நாட்டு இரும்பை வாங்குங்கள் என்று மன்னரே கேட்டார். அரசர் சரக்கு விற்பதா என்று ஷிபுசாவா வியந்தார். வியப்பு நியாயமானதே. எனினும் அதே மன்னர் 1885 முதல் 1908 வரை ஆப்பிரிக்காவின் காங்கோவைத் தம் சொந்தச் சொத்தாக வைத்திருந்தார். அங்குள்ள மக்களை அடித்தும் பெண்களைப் பிணையாகப் பிடித்தும் காட்டு ரப்பர் சேர்க்கப்பட்டது. 1867-ல் வந்த விருந்தாளிக்கு இது தெரிய நியாயமில்லை. ஆனால் விருந்தாளிக்குக் கூடத்தைத்தான் காட்டுவார்கள். அடுப்படியை எவரும் காட்டுவதில்லை. ரப்பர் வாசனை அறிந்த மலாயா மண்ணில் பிழைத்த நமக்கு இது விளங்காமற் போகாது.

ஷிபுசாவா 1873-ல் ஜப்பானின் முதல் நவீன வங்கியை நிறுவினார். சுமார் ஐந்நூறு கம்பெனிகளுக்குத் துணை நின்றார். ஒஸாகாவில் அவர் முயற்சியால் எழுந்த நூல் ஆலை 1883-ல் ஓடத் தொடங்கி, இரவிலும் நிற்காமல் ஓடியது. தொழிலாளரைக் காக்கும் சட்டம் வந்தபோது முதலில் அதை எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர். பின்னரே மனம் மாறினார். குனிந்து நின்ற வலியை அறிந்தவருக்கே, தம் ஆலையில் குனிந்து நின்றவர்கள் உடனே கண்ணுக்குத் தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல நமக்கென்ன யோக்கியதை? நம் கடைகளில் பரண்மேல் படுத்துறங்கிய பையன்களை நாம் எத்தனை காலம் கழித்துப் பார்த்தோம்?

ஒரு விஷயத்தில் அவரை மெச்சாமல் இருக்க முடியாது. அவர் பாரிசிலிருக்கும்போதே ஷோகனின் ஆட்சி கவிழ்ந்தது. கணக்குக் கேட்கவும் ஆளில்லாத நிலை. கையிலிருந்த பணத்தைப் பிரெஞ்சுக் கடன் பத்திரங்களில் போட்டுப் பெருக்கியிருந்தவர், 1868-ல் நாடு திரும்பியதும் கணக்கை ஒப்படைத்தார். பிறர் செலவில் போனவருக்குக் கண்டதும் கேட்டதும்கூட அமானிதம்தானே!

அடுத்த முறை நம் வாலிபர்கள் ஏதேனுமொரு பெரிய ஸ்தாபனத்தின் மேல்மாடியில் விருந்துண்டு இறங்கும்போது, வாசலில் சரக்கு இறக்குபவரிடம் நாட்கூலி எவ்வளவு என்றும் ஒரு வார்த்தை கேட்டு வரட்டும். அந்தத் தொகையை நம் கூட்டத்தில் கேட்க ஆவலாயிருக்கிறோம்.