குதிப்பவனும் குதிக்கச் சொல்பவனும்

ஊரார் பிள்ளை உயிரைத் துச்சமாக மதித்தால் அவனை வீரன் என்கிறோம். அதே காரியத்துக்கு நம் வீட்டுப் பிள்ளை கிளம்பினால், 'உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா?' என்று கேட்கிறோம். இவற்றில் எது நம்முடைய உண்மையான அபிப்பிராயம்?

ஆகாயத்திலிருந்து பாரசூட் கட்டிக்கொண்டு குதிப்பதை ஆயுள் முழுவதும் ஆசையோடு செய்த மனிதர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னைத் தொந்தரவு செய்கிறது. தன் உயிரைப் பணயம் வைக்க ஒருவனுக்கு உரிமை உண்டா? உண்டென்றே வைத்துக்கொள்வோம். அதைப் பிறருக்குக் கற்றுக்கொடுக்கவும் உரிமை உண்டா?

இந்த இரண்டு கேள்விகளுக்கும் தம் வாழ்க்கையிலேயே பதில் சொல்ல நேர்ந்தவர் ஒருவர். ஜோசப் கிட்டிங்கர் என்று பெயர். அமெரிக்க விமானப்படை அதிகாரி. மிக உயரத்தில் பறக்கும் விமானி ஆபத்து வேளையில் வெளியே குதித்தால், காற்றில்லாத அந்த வெளியில் பம்பரமாய்ச் சுழன்று நினைவிழப்பான். முதலில் ஒரு சின்னப் பாரசூட் விரிந்து உடம்பை நிலைப்படுத்தினால் பிழைப்பான் என்று கண்டார்கள். சரி, அதை யாராவது குதித்துப் பார்க்க வேண்டும் அல்லவா? கிட்டிங்கர் குதித்தார். 1959 நவம்பரில், 76,000 அடிக்கு மேலிருந்து. சின்னப் பாரசூட் நேரங்கெட்டு வெளிப்பட்டுக் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. சுழன்ற வேகத்தில் நினைவு போயிற்று. தானாகவே விரியும்படி வைத்திருந்த மாற்றுப் பாரசூட்தான் அவரைக் காப்பாற்றியது. ஒரு மாதங்கூட ஆகவில்லை, மறுபடியும் குதித்தார்.

1960 ஆகஸ்ட் 16-ஆம் தேதி நியூ மெக்ஸிகோ வானில் பலூன் அவரை 1,02,800 அடி உயரத்துக்குக் கொண்டுபோயிற்று. ஏறும் வழியிலேயே வலக்கையின் உறையில் காற்றழுத்தம் நிற்கவில்லை. கை வீங்கத் தொடங்கியது. சொன்னால் கீழேயுள்ளவர்கள் இறங்கிவிடு என்பார்கள். ஆகவே அப்போது சொல்லவில்லை! உச்சிக்குப் போய்க் குதித்தார், பிழைத்தார், கையும் சரியாயிற்று.

நான் கதை எழுதுகிறவன். கதையானால் அந்த மௌனத்தைக் கதாநாயகனின் பெருமைக்குரிய கட்டமாகவே எழுதியிருப்பேன். ஆனால் கீழே அவர் பேச்சை நம்பிக் காத்திருந்த வைத்தியரின் இடத்தில் நின்று பார்க்கிறேன். கிட்டிங்கர் செத்திருந்தால், பலூனை இறக்கிவிடும் வாய்ப்பே தரப்படாத அந்த மனிதர் பிறகு எப்படித் தூங்கியிருப்பார்? தன் உயிர் தன்னுடையதுதான். அதற்காகப் பிறர் படும் வேதனை தன்னுடையதல்லவே!

52 ஆண்டுகள் கழிந்தன. 2012 அக்டோபரில் அதே நியூ மெக்ஸிகோ வானில் பெலிக்ஸ் பாம்கார்ட்னர் என்ற ஆஸ்திரியர், கிட்டிங்கரின் சாதனையை முறியடிக்க ஏறினார். அவருக்கு ஆலோசகராக இருந்தவரும், ஏறும்போது காதில் ஒலித்த குரலுக்கு உரியவரும் 84 வயதுக் கிட்டிங்கர்தான். வழியில் பாம்கார்ட்னர் சொன்னார்: முகக்கண்ணாடியைச் சூடாக்கும் சாதனம் வேலை செய்யவில்லை போலிருக்கிறது, மூச்சு விட்டால் பனிமூட்டம் படிகிறது என்று. ஆசிரியர் தம் வாலிபத்தில் மறைத்தார், மாணவர் சொல்லிவிட்டார். கீழே இருந்தவர்கள் ஆராய்ந்தார்கள், கலந்து பேசினார்கள், மேலே போகலாம் என்று முடிவு செய்தார்கள். பிறகு கிட்டிங்கர் செய்யவேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்ல, மாணவர் ஒவ்வொன்றாகச் செய்து முடித்துக் குதித்தார். ஒலியை மிஞ்சிய வேகத்தில் விழுந்து, உயிரோடு தரையில் நின்றார்.

இதே மனிதர் 2010-இல், மூடிய உடைக்குள் மணிக்கணக்கில் அடைபட்டிருக்க முடியாமல் பயிற்சியை விட்டு ஊருக்குப் போனவர். மனோதத்துவ நிபுணர் ஒருவரின் துணையோடு அந்தப் பயத்தை வென்று திரும்பியவர். 'எனக்குப் பயமாயிருக்கிறது' என்று மாணவன் வாய்விட்டுச் சொல்ல இடம் கொடுப்பவனுக்குத்தான் கற்றுக்கொடுக்கும் உரிமை உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. அஞ்சாமையைப் போதிப்பது சுலபம். அச்சத்தைக் காதுகொடுத்துக் கேட்பதுதான் கஷ்டம்.

கிட்டிங்கர் 2022-இல், 94 வயதில் காலமானார். பாம்கார்ட்னர் 2025 ஜூலையில் இத்தாலியில் பாராகிளைடரில் பறந்தபோது விபத்தில் மாண்டார். 'நான் சொல்லவில்லையா?' என்று எந்தத் தாயும் கேட்கலாம். அவளுக்குச் சொல்ல என்னிடம் சமாதானம் இல்லை. ஆபத்து இல்லை என்று எந்த நல்ல ஆசிரியனும் சொல்லமாட்டான்.

ஆனால் ஒன்று. குதிக்கும் பள்ளிகளில், புதிதாக வருபவனை ஆசிரியர் தம் மார்போடு பட்டைகளால் பிணைத்துக்கொண்டு குதிப்பது வழக்கம். இருவருக்கும் சேர்த்து ஒரே பாரசூட். அது விரியாவிட்டால் மாற்றுப் பாரசூட் ஒன்று. அதுவும் இருவருக்கும் சேர்த்துத்தான். நாமும் நம் பிள்ளைகளைப் பரீட்சைக்கும், உத்தியோகத்துக்கும், கலியாணத்துக்கும் 'குதி, குதி' என்று தள்ளுகிறோம். தரையில் பத்திரமாக நின்றுகொண்டு தள்ளுகிறோம். அவன் கை வீங்கியிருக்கிறதா என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? கேட்டால் சொல்லும் தைரியத்தையாவது அவனுக்குக் கொடுத்திருக்கிறோமா?