எவர் கை அளவுகோல்?

கத்தியைப் புகழ வருவோர் அதன் கூரைப் புகழ்வர். பிடியைப் புகழ்வார் அரியர். அலகு வெட்டப்படும் பொருளைத் தொடுகிறது; பிடியோ வெட்டுகின்ற மனிதனைத் தொடுகிறது. ஒருவர் தம் கையால் செய்யும் பொருள், தாம் ஒருபோதும் காணப்போகாத இன்னொருவர் கையில் வாழப்போகிறது. அவ்வாறாயின், அப்பிடியை வடிக்கும்போது அவர் எவருடைய கையை அளவுகோலாகக் கொள்வது?

தோற்பிடி செய்வோருக்கு இவ்வினாவிலிருந்து தப்ப வழியில்லை. அது செய்யப்படும் முறை அப்படி. தடித்த தோலை வில்லைகளாக வெட்டி, ஒவ்வொன்றின் நடுவிலும் துளையிட்டு, அலகின் பின்புறம் நீளும் ஒல்லியான இரும்பு வாலில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோப்பார்கள். வில்லையின் தடிப்பு மூன்று, நான்கு மில்லிமீட்டர். ஒரு பிடிக்கு முப்பது வில்லைகள்கூட வேண்டியிருக்கும். இடையிடையே பசை தடவி, இறுக அழுத்தி, கடைசியில் உலோகக் குமிழ் ஒன்றை வாலின் நுனியில் அறைந்து பூட்டுவார்கள். பசை காய்ந்ததும் கையில் இருப்பது பிடி அன்று. முரட்டுத் தோற்கட்டை ஒன்று. அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்து அதிலிருந்து பிடியைக் காண வேண்டும்.

குரோமியத்தில் பதனிட்ட மென்தோல் இதற்கு உதவாது, பஞ்சுபோல் அமுங்கும். மரப்பட்டையின் துவர்ப்பால் பதனிட்ட விறைப்பான தோலே அரத்துக்கு இணங்கும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகளை வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ கண்ட முதியோர் நம் வாசகருள் இருப்பர். அத்தோலின் மணத்தை அவர்களுக்கு நாம் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

தேய்க்கின்றவருக்கு முன்னே உள்ள கை அவருடைய கைதான். ஆகவே அவர் கட்டையை அடிக்கடி பற்றிப் பார்க்கிறார், உறுத்தும் இடத்தைக் குறைக்கிறார், மீண்டும் பற்றுகிறார். இவ்வாறே தொடர்ந்தால் ஒரு கட்டத்தில் ஆசை ஒன்று எழும். விரல்கள் படிகின்ற நான்கு இடங்களையும் சற்றே குடைந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பார்ப்பதற்கும் அழகு. வாங்க வருபவரும், “எனக்காகவே செய்ததுபோல் இருக்கிறதே” என்று மகிழ்வார்.

ஆனால், அவர் விரல்கள் பருமனாக இருப்பின், பள்ளங்களுக்கு இடையிலுள்ள மேடுகள் விரல்களின்மேல் ஏறி உட்காரும். விரல்கள் பொருந்தினாலும் இடர் தீர்ந்துவிடுவதில்லை. பழத்தோலைச் சீவுவோர் கையை முன்னே தள்ளிப் பிடிப்பர். மரத்தைச் செதுக்குவோர் கத்தியின் முதுகில் கட்டைவிரலை ஊன்றுவர். கயிற்றை அறுப்போர் சில வேளை கூரை மேல்நோக்கித் திருப்புவர். இவை அனைத்துக்கும் அந்த நான்கு பள்ளங்களும் ‘கூடாது’ என்கின்றன. அக்கறையின் உருவில் வந்த கட்டளை அது. பிள்ளைகளின் படிப்பையும் தொழிலையும் தாமே வரையறுத்துத் தருகின்ற பெற்றோரும் இவ்விடத்தில் சற்றே நின்று போகலாம்.

பின்லாந்து நாட்டின் ‘பூக்கோ’ என்னும் கத்தியை நோக்குங்கள். கவுஹவா என்னும் ஊர் அதற்குப் பேர்போனது. அங்கே தோலுக்கு ஈடாகப் பூர்ச்ச மரப்பட்டையையும் இதே முறையில் வில்லைகளாகக் கோப்பதுண்டு. அந்தப் பிடியில் பெரும்பாலும் விரற்பள்ளம் கிடையாது. நடுவில் சற்றே பருத்த எளிய உருவம். இன்னோர் எடுத்துக்காட்டு போர்க்களத்திலிருந்து வருகிறது. அமெரிக்க மரைன் படை 1942 இல் ஏற்றுக்கொண்ட, ‘கேபார்’ என்று பெயர்பெற்றுவிட்ட ஏழு அங்குல அலகுக் கத்திக்கும் தோல்வில்லைப் பிடிதான். போர்க்காலத்தில் பல நிறுவனங்கள் அதனைச் செய்து குவித்தன. எது எவர் கைக்குப் போகும் என்று எவரும் அறியார். அதில் உள்ள பள்ளங்கள் பிடியைச் சுற்றி வளையங்களாக ஓடுகின்றன. வழுக்காமல் பற்றிக்கொள்ள அவை உதவும். எந்த விரல் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லமாட்டா.

படைக்கலத்துக்கு அது சரி, ஒரே மனிதருக்கென்று கையால் செய்யும் கத்திக்கும் அதே நியாயமா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அவரது உள்ளங்கையின் அகலத்தை அளந்து நீளத்தையும் பருமனையும் முடிவு செய்வது கடமையே. எனினும் ஒரு மனிதரின் கை ஒரே கை அன்று. குளிரில் விறைத்த கை, மீன் கழுவி ஈரமான கை, முதுமையில் மடங்க மறுக்கும் கை எல்லாம் அவருடையவையே. அவருக்குப் பின் மகனோ மகளோ அதை எடுக்கவும் கூடும்.

அதற்காக, இடம் விடுகிறோம் என்று சொல்லி உருண்டையான கட்டையை நீட்டிவிடுவதும் அறமாகாது. அது சோம்பல். உருண்டைப் பிடி கைக்குள் சுழலும். கூர் எப்பக்கம் இருக்கிறது என்று இருட்டில் தெரியாது. முட்டை வடிவாக, கூர் உள்ள பக்கம் சற்றே ஒடுங்கி இருந்தால், பாராமலேயே கை அறிந்துகொள்ளும். கடைப்பகுதி சிறிது பருத்திருந்தால், இழுக்கும்போது கத்தி நழுவாது. இவற்றில் வாங்குபவரின் விருப்பம் கேட்க வேண்டியதில்லை. அவருடைய விரல்கள் செய்பவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவற்றைக் காப்பனவற்றை உறுதியாகச் செய்துவிட வேண்டும். மற்ற இடங்களில் அரத்தைச் சற்று முன்னதாகவே நிறுத்துவது நன்று. பிடி கொஞ்சம் பருமனாக இருந்தால் மீண்டும் குறைக்கலாம். அரம் தின்ற தோலைத் திரும்ப வைக்க முடியாது.

முன்னதாக நிறுத்துவதற்குத் தோலே இன்னொரு காரணமும் தருகிறது. மெல்லிய உப்புத்தாளால் இழைத்துத் தேன்மெழுகு ஏற்றியபின்னும் அது முற்றுப்பெறுவதில்லை. கையின் எண்ணெயும் வியர்வையும் பட்டு ஆண்டுதோறும் கறுக்கிறது, பளபளப்பு ஏறுகிறது. கட்டைவிரல் ஓயாது அழுத்தும் இடம் மெல்லத் தாழ்கிறது. ஐயுறுவோர் பல்லாண்டு புழங்கிய தோற்பிடி ஒன்றைத் தம் கையில் எடுத்துப் பார்க்கட்டும். செய்தவர் குடையாத பள்ளம் ஒன்று அதில் இருக்கும். அது பெரும்பாலும், அவர் குடைந்திருக்கக்கூடிய இடத்தில் இராது.