அளவும் அறமும்

அளத்தல் அறிவின் தொடக்கம். ஆயினும், அளப்பவர் தம் அளவின் எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும். பேராக் முதலிய மாநிலங்களின் இரப்பர்த் தோட்ட வரலாறு இவ்வுண்மையை நன்கு உணர்த்தும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காடழித்து உருவாக்கிய தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சல் தமிழ்த் தொழிலாளர் பலரைப் பலிகொண்டது. நோயின் கடுமையை அறிய விரும்பிய மால்கம் வாட்சன் போன்ற மருத்துவர்கள், லயத்துச் சிறுவர்களின் இடப்பக்க விலாவின்கீழ் விரல் வைத்து அழுத்திப் பார்த்தனர். இயல்பான மண்ணீரல் பெரும்பாலும் கைக்குத் தட்டுப்படாது. மலேரியா பலமுறை தாக்கினால், அது வீங்கி விலாவுக்குக் கீழே இறங்கும். நூறு சிறுவருள் எத்தனை பேருக்கு வீக்கம் உண்டு என்னும் கணக்கே அத்தோட்டத்தின் நோயளவாயிற்று. எங்கே வடிகால் வெட்டுவது என்பதற்கு அது வழிகாட்டியது, உயிர்கள் காக்கப்பட்டன. எனினும், விழுக்காட்டுக்குள் புகுந்தபின் சிறுவனுக்குப் பெயரில்லை.

இன்று ஒலியலைக் கருவி தனி ஒருவரின் மண்ணீரலையே படம்பிடிக்கிறது. நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் பெருக்கி, மீண்டும் 0.52 ஆல் பெருக்கினால் கன அளவு கிடைக்கும். 12, 7, 4 சென்டிமீட்டர் எனில் விடை ஏறத்தாழ 175 மில்லிலிட்டர். இக்கணக்கு மண்ணீரலை முட்டை போன்ற வடிவமாகக் கொள்கிறது. உண்மையில் அவ்வுறுப்பு ஆளுக்கு ஆள் வேறுபடும். மேலும், மூன்று அளவுகளும் பத்தில் ஒரு பங்கு கூடிவிட்டால், கன அளவு மூன்றில் ஒரு பங்கு மிகுந்துவிடும். சிறு பிழையும் பெருக்கலில் வளர்கிறது.

அப்படியாயின் அளவு பொய்யா? அன்று. ஏறத்தாழக் கண்டதை முற்ற முடிந்த உண்மையாகக் கூறுவதே பொய்.

பால்மரம் சீவி ஓய்ந்த மூதாட்டி ஒருவர், ஈப்போ மருத்துவமனை ஒன்றில் அம்முடிவைக் கையில் ஏந்தி, "ஐயா, இது பெரிசுங்களா?" என வினவுவதாகக் கொள்வோம். எண்ணை மட்டும் படித்துக்காட்டும் மருத்துவர் படத்திற்கே விடையளிக்கிறார். "ஏறத்தாழ இவ்வளவு, அம்மா. வயிற்றைக் கையாலும் பார்ப்போம், இரத்தமும் சோதிப்போம்" என்பவரோ அம்மூதாட்டிக்கு விடையளிக்கிறார். முன்னவரிடம் கணக்கு உண்டு. பின்னவரிடம் கணக்கோடு அறமும் உண்டு.

மருத்துவர்க்கு மட்டுமா இந்நெறி? மாணவனின் அறிவை மூன்று மணி நேரத் தேர்வால் அளந்து மதிப்பெண் இடும் ஆசிரியர்க்கும் இதுவே நெறி. அம்மதிப்பெண்ணும் ஏறத்தாழ இட்டதொன்றே. அளவு மனிதனை அறிய உதவும், மனிதனுக்கு ஈடாகாது.