அண்டை வீட்டாரும் நம் ஈமானும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாகட்டுமாக!



பல சமயத்தவரும் கலந்து வாழும் ஊர்களில் நாம் வாழ்கிறோம். நம் வீட்டுச் சுவரை ஒட்டி ஓர் இந்துக் குடும்பம் இருக்கும். எதிர்வீட்டில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் இருக்கும். இவர்களுக்கு நன்மை செய்வதும், இவர்களின் துக்கத்தில் பங்கு கொள்வதும் ஈமானுக்குக் குறைவாகுமோ என்று நம்மில் சிலர் தயங்குகிறார்கள். இந்தத் தயக்கத்தை மார்க்கம் கற்பித்ததா?

பிற சமயத்து உறவினருக்குத் தர்மம் கொடுக்க ஸஹாபாப் பெருமக்களில் சிலர் தயங்கியபோது அல்பகரா அத்தியாயத்தின் 272-ஆவது வசனம் அருளப்பட்டதாக முஃபஸ்ஸிரீன்கள் கூறுகின்றனர். நேர்வழியில் செலுத்துவது அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. நாம் கொடுப்பதன் பலன் நமக்கே திரும்புகிறது என்பது அதன் கருத்து. ஜகாத்திற்கு இமாம்கள் வகுத்த சட்டம் தனி. ஸதகாவின் வாசலோ எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது.

குறைஷிகளோடு உடன்படிக்கை நிலவிய காலத்தில், ஹழ்ரத் அஸ்மா (ரலி) அவர்களைக் காண அவர்களின் தாயார் வந்தார். அந்த அம்மையார் அப்போது இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை. அவரைச் சேர்த்து உபசரிக்கலாமா என்று மகளார் கேட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் தாயோடு உறவைப் பேணும்படியே பணித்தார்கள். ஹழ்ரத் அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களோ, வீட்டில் ஆடு அறுத்தால், யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தாயிற்றா என்று வலியுறுத்திக் கேட்பார்கள்.

இன்னொரு நிகழ்ச்சியைக் கவனியுங்கள். இராக்கில் காதிஸிய்யா என்னுமிடத்தில் இரு நாயகத் தோழர்கள் அமர்ந்திருக்க, ஒரு ஜனாஸா அவ்வழியே சென்றது. இருவரும் எழுந்து நின்றார்கள். இறந்தவர் முஸ்லிம் அல்லர் என்று பக்கத்திலிருந்தோர் சொன்னார்கள். அதற்கு அவர்கள், ஒரு யூதரின் ஜனாஸாவுக்காக நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றதையும், அதுவும் ஓர் உயிர்தானே என்ற கருத்தில் வினவியதையும் எடுத்துரைத்தார்கள். எழுந்து நிற்பதன் சட்டத்தில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், அந்தக் கேள்வி நம் உள்ளத்தை நோக்கிக் கேட்கப்பட்டது. அதில் வேறுபாடு இல்லை.

அந்தக் கேள்விக்கு நம் நாட்டிலும் விடை கிடைத்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அடித்தபோது, பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவ மக்களுக்கு உணவும் தங்குமிடமும் அளித்தார்கள். 2015-இல் சென்னை வெள்ளத்தில் பள்ளிவாசல்களின் கதவுகள் எல்லோருக்கும் திறந்தன. 2020 ஏப்ரலில், கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்க விடாமல் சென்னையில் ஒரு கூட்டம் தடுத்தது. பிணத்தைத் தொடவே மனிதர் அஞ்சிய அந்த நாட்களில், நம் இளைஞர் பலர் எச்சமயத்தவராயினும் அவரவர் முறைப்படி அடக்கவும் எரிக்கவும் துணை நின்றார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக!

பெருமக்களே! பேரிடர் என்றும் வருவதில்லை. அண்டை வீடு என்றும் இருக்கிறது. ஜும்ஆவுக்கு விரைந்து வரும் நாம், பிறர் வீட்டு வாசலை அடைத்து வண்டியை நிறுத்துகிறோம். அந்நேரம் அவ்வீட்டு நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டுமென்றால் என் செய்வார்கள்? நிக்காஹ் வீட்டு ஒலிபெருக்கி நள்ளிரவிலும் முழங்குகிறது. குர்பானிக் கழிவு தெருமுனையில் கிடக்கிறது. வெள்ளத்தில் சம்பாதித்த நன்மையை இப்படி வெயில் காலத்தில் இழக்கலாமா? தன் தீங்கிலிருந்து அண்டை வீட்டார் அச்சமற்று இராதவர் முழு மூமினல்லர் என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அந்த அண்டை வீட்டார் இன்ன சமயத்தவர் என்று அவர்கள் வரையறுக்கவில்லை.

அகீதாவைத் தளர்த்திக் கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. வணக்கத்தில் நம் வழி நமக்கு. அவர்கள் வழி அவர்களுக்கு. பசியிலும் நோயிலும் மரணத்திலும் மனிதர் எல்லோரும் ஒன்றே. செய்த உதவியைப் படம் பிடித்துக் காட்டி நற்பெயர் தேடுவதும் வேண்டாம். நன்றியை எதிர்பார்த்துச் செய்தால் அது வியாபாரம். அல்லாஹ்வுக்காகச் செய்தால் இபாதத்.

இன்று மாலை நோன்புக் கஞ்சியோ, சாதாரணக் குழம்போ, ஒரு கிண்ணம் அடுத்த வீட்டுக்குப் போகட்டும். அங்கே நோயாளி இருந்தால் நலம் விசாரியுங்கள். ஈமான் குறையாது, இன்ஷா அல்லாஹ், ஒளிபெறும்.

யா அல்லாஹ்! எங்கள் கையாலும் நாவாலும் எவருக்கும் தீங்கு நேராமல் காப்பாயாக! ஆமீன்.