திரையைச் சொல்லு

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு பொட்டலுக்குப் போவேன். 1977-ல் எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் பகுதியான கதிர்காமத்தில் இன்று வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் பக்கமெல்லாம் அப்போது சவுக்கும் வேலிக்காத்தானும்தான். பஞ்சாலையில் தறி ஓட்டிய நைனாவுக்குச் சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. பொட்டலின் ஓரத்தில் கிடந்த அடிமரத்தில் உட்கார்ந்து, "ம், சொல்லு பாப்பா" என்பார். நான் ஆட்டத்தைச் சொல்வேன்.

அந்தப் பொங்கலுக்குச் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தோடு டெஸ்ட் நடந்தது. கடைசி இன்னிங்ஸில் இந்தியா 83 ரன்னில் சுருண்டது. வானொலியில் ஆங்கிலம் ஓடியது. எங்களுக்குப் புரிந்தது எண்கள் மட்டும். "எண்ணு வருது, ஆட்டம் வரலியே" என்று நைனா வருத்தப்பட்டார். ஆட்டத்தை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை என்று அன்றைக்கு நானே எடுத்துக்கொண்டேன்.

பொட்டலில் ரப்பர் பந்து. விக்கெட்டுக்குப் பழைய மண்ணெண்ணெய் டின். பந்து டின்னில் பட்டால் 'டங்' என்று தெருக்கோடி வரை கேட்கும். என் தம்பிக்கு மட்டை கிடைப்பதே அபூர்வம், சின்னப் பையன் என்று கடைசியில்தான் விடுவார்கள். ஒரு ஞாயிறு சீக்கிரம் கிடைத்தது. நைனா முன்னால் சாய்ந்து, கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முதல் பந்து. டங்.

நான் சொன்னேன்: "அடிச்சுட்டான் நைனா! பந்து வேலியத் தாண்டிப் போயிடுச்சு!"

அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "டின் சத்தம் கேட்டுச்சே" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் சொன்ன ஒவ்வொன்றையும் பக்கத்தில் குந்தியிருந்த பையனிடம் கேட்டார். "அப்படியா தம்பி? நெசமா அவுட்டா?" மூன்று ஞாயிறு அப்படியே போனது. நான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாலும் அது அந்தப் பையன் வழியாகத்தான் அவரிடம் போய்ச் சேர்ந்தது.

அதே 1977-ல் இந்தூரில் ஒரு பெண் ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்தார் என்பது எனக்குத் தெரிய 44 வருடம் ஆனது. 2021 ஏப்ரலில் சந்திரா நாயுடு தம் 88-ஆம் வயதில் இந்தூரில் மறைந்த செய்தியைப் படித்தபோதுதான் அவர் பெயரையே அறிந்தேன். இந்தியாவின் முதல் பெண் கிரிக்கெட் வர்ணனையாளர் என்று அவரைச் சொல்கிறார்கள். அன்று அவர் வர்ணித்தது தேசிய சாம்பியனான பம்பாய் அணிக்கும் எம்.சி.சி.க்கும் நடந்த ஆட்டத்தை. சுற்றுப்பயணத்தின் டெஸ்ட் அல்லாத ஆட்டங்களில் இங்கிலாந்து அணி அப்போது எம்.சி.சி. என்ற பெயரில்தான் ஆடியது. சேப்பாக்கத்தில் நம்மை வென்ற அதே சுற்றுப்பயணம்.

சந்திரா ஆங்கிலப் பேராசிரியர், இந்தூரில் பெண்கள் கல்லூரியில் பாடம் சொன்னவர். தந்தை சி.கே. நாயுடு, 1932-ல் லார்ட்ஸில் இந்தியா ஆடிய முதல் டெஸ்டில் அணித் தலைவர். 1926-ல் பம்பாயில் எம்.சி.சி.க்கு எதிராகப் 11 சிக்ஸர்களோடு 153 ஓட்டம் குவித்து நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்தவர். ஹோல்கர் மன்னர் அழைத்து இந்தூரில் குடியேறி, அங்கேயே 1967-ல் இறந்தார். தந்தை இறந்து பத்து வருடம் கழித்து, தந்தை வாழ்ந்த ஊரில், தந்தை அடித்து நொறுக்கிய அதே எம்.சி.சி. பெயரில் வந்த அணி ஆடும்போது மகள் ஆட்டத்தைச் சொல்கிறார். 1995-ல் தந்தையைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலும் நினைவுகூரும் மகளாகவே நிற்கிறார். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தந்தைக்காகப் பார்த்துச் சொல்லும் மகளை எனக்குத் தெரியும்.

முப்பது வருடம் பள்ளியில் தமிழ் நடத்தினேன். அறிவு எந்த வழியாக நமக்குள் வருகிறது என்று நம் சமயநூல்கள் போட்ட சண்டையை மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் அந்த டின் சத்தம் எனக்குக் கேட்கும். சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் அந்த வழிகளை, அதாவது அளவைகளை, பலவாக எண்ணி, கடைசியில் எல்லாவற்றையும் மூன்றில் அடக்குகிறார்: காண்டல், கருதல், உரை. கண்ணால் காண்பது முதலாவது. புகையைக் கண்டு நெருப்பை அறிவது இரண்டாவது. நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டு அறிவது மூன்றாவது. பௌத்தர்கள் இந்த மூன்றாவதைத் தனி அளவையாக ஒப்பவில்லை. மணிமேகலையில் அறவண அடிகள் இரண்டே அளவை என்றுதான் பாடம் சொல்கிறார். ஒருவர் சொல்வதை நாம் ஏற்பது அவர் நம்பத்தக்கவர் என்று கருதித்தானே, அப்படியானால் உரையும் கருதலில் ஒரு வகை என்பது அவர்கள் வாதம்.

பல வருடம் இந்த வாதம் எனக்குச் சரியாகப் பட்டது. பொட்டலை நினைத்துப் பார்த்த பிறகு மாறிவிட்டேன். டின் சத்தத்துக்கு முந்தைய ஞாயிறுகளில் நைனா எதையும் கருதிக்கொண்டிருக்கவில்லை. "பந்து மேல போவுது" என்று நான் சொன்னால் அவர் முகம் மேலே போகும். நடுவில் 'இவள் சொல்கிறாள், இவள் நல்ல பெண், ஆகவே உண்மை' என்ற கணக்கு எதுவும் இல்லை. என் சொல்லே அவருக்குக் கண். நான் பொய் சொன்ன பிறகுதான் அவர் கருதத் தொடங்கினார்: சத்தத்தை வைத்து, கூச்சலை வைத்து, பக்கத்துப் பையனை வைத்து. உரை உடைந்தால் கருதலாகிறது. உடையாத வரை அது காண்டலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பொன்னைத் தேய்த்துப் பார்ப்பதற்கும் சொல்லுவதற்கும் தமிழில் 'உரை' என்ற ஒரே சொல் இருப்பது எனக்கு வெறும் தற்செயலாகத் தெரியவில்லை.

இப்போது இந்தூருக்கு வருகிறேன். ஆண் குரலையே கேட்டுப் பழகிய காதுகளுக்கு முதல்முறை ஒரு பெண் குரல் வருகிறது. எத்தனை பேர் பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? "நெசமா அவுட்டா?" பொய் சொல்லி நான் தேடிக்கொண்ட இடத்தில், ஒரு பொய்யும் சொல்லாத ஒருவரைத் தொடக்கத்திலேயே உட்காரவைப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று நினைத்துப் பார்க்கிறேன். அவர் சொல்லும் ஒவ்வொரு பந்தும் சரியாக இருந்தாலும், கேட்பவர் அதை இன்னொரு முறை சோதித்துக்கொண்டே இருப்பார். ஆறு வருடம் கழித்து ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் வர்ணனைக்கு வந்த நடிகை கேட் ஃபிட்ஸ்பேட்ரிக் அதிக நாள் நீடிக்கவில்லை. பார்படாஸின் டோனா சிம்மண்ட்ஸ் பிபிசியின் டெஸ்ட் வர்ணனைக் குழுவில் உட்கார 1998 வரை ஆனது.

எங்கள் தெரு டீக்கடையில் இன்றும் ஒரு கேள்வி உண்டு: ஆடாத பொம்பளைக்கு ஆட்டம் எப்படித் தெரியும்? ஆடாத ஆண்கள் எத்தனையோ பேர் காலமெல்லாம் ஆட்டத்தைச் சொல்லியிருக்கிறார்கள், அவர்களிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் நம்பத்தக்கவருக்கு, அதாவது ஆப்தருக்கு, இலக்கணம் சொல்கிறார். பொருளை நேரில் அறிந்திருக்க வேண்டும். அறிந்தபடியே சொல்லும் விருப்பம் இருக்க வேண்டும். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்கிறார். அந்தக் காலத்தில் அப்படிச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! பெண்ணை அவர் தனியே சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு நிபந்தனையில் எதிலும் பெண்ணைத் தடுக்கும் எதுவும் இல்லை.

இலக்கணம் அப்படி இருக்க, நடப்பு வேறாக இருந்தது. அளவைகளைப் பற்றிக் கேட்க வஞ்சி நகருக்குப் போன மணிமேகலை, இளம்பெண்ணுக்குச் சமயவாதிகள் பொருள் சொல்ல மாட்டார்கள் என்பதால் ஆண் துறவி வடிவம் எடுத்துத்தான் அவர்கள் முன் நிற்க முடிந்தது. சந்திரா தம் குரலோடு, தம் பெயரோடு போனார். வேறு வடிவம் எடுக்கவில்லை. அவர் வர்ணனை செய்த ஆட்டங்களைக் கணக்கிட்டு அவர் பெருமையை அளப்பவர்கள் இதைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

வர்ணனை என்றாலே எல்லோரும் மகாபாரதத்துச் சஞ்சயனைச் சொல்வார்கள். வியாசர் கண் தருகிறேன் என்றபோது, உறவினர் மடிவதைக் காண விரும்பவில்லை, கேட்டால் போதும் என்றான் திருதராட்டிரன். அந்தப் பார்வை சூதனாகிய சஞ்சயனுக்குப் போனது. கீதை முழுவதும் நமக்கு வந்திருப்பது ஒரு தேரோட்டிக் குலத்தவனின் உரை வழியாகத்தான். பத்தாம் நாள் களத்திலிருந்து வந்து, பீஷ்மர் விழுந்துவிட்டார் என்பதைத்தான் அவன் முதலில் சொல்கிறான். மீதிக் கதை பிறகு. பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சாவதைத் தகப்பனிடமே சொன்னான், ஒருமுறையும் 'பந்து வேலியத் தாண்டிப் போயிடுச்சு' என்று சொல்லவில்லை. பன்னிரண்டு வயதில் எனக்கு இரக்கம் இருந்தது, அவனுக்கு இருந்த திடம் இல்லை.

ஆனால் அதற்கு அப்புறம் நடப்பதை யாரும் பேசுவதில்லை. துரியோதனன் இறந்ததும் சஞ்சயனின் ஞானப் பார்வை மறைந்துவிடுகிறது. ஸ்திரீ பருவத்தில் வியாசரின் வரத்தால் அந்தப் பார்வை காந்தாரிக்கு வருகிறது. கணவனுக்காகக் கண்ணைக் கட்டிக்கொண்டவள் இப்போது குருக்ஷேத்திரம் முழுவதையும் காண்கிறாள். கண்டதைக் கண்ணனுக்குச் சொல்கிறாள்: இங்கே என் மகன் கிடக்கிறான், இதோ என் மருமகள் அவன் தலையைத் தடவுகிறாள், அதோ நரிகள். எல்லாம் தெரிந்த கடவுளுக்கு ஒரு பெண் களத்தை வர்ணிக்கிறாள், அவன் நின்று கேட்கிறான். அவள் சொல்லும்போது அவனுக்கும் அது முதல்முறை தெரிந்திருக்குமோ என்று எனக்குத் தோன்றும். இதற்கு ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை.

மீண்டும் நைனாவிடம் வருகிறேன். 1982 ஆடியில் எங்கள் சொந்தக்காரர்களோடு நைனாவையும் அழைத்துக்கொண்டு இராமேசுவரத்தில் கப்பல் ஏறித் தலைமன்னார் போய், அங்கிருந்து இலங்கையின் கதிர்காமம் போனோம். எங்கள் பகுதியின் பெயரையே கொண்ட தலத்தைச் சாவதற்குள் மிதிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அங்கே கோபுரம் இல்லை, மூலத்தானத்தில் நாம் காணும்படி உருவமும் இல்லை. கருவறைக்கு முன்னால் திரை. பூசாரியான கப்புராளை வாயைத் துணியால் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் போய்ப் பூசை செய்துவிட்டு வருவார். திரை விலகுவதில்லை. யாரும் பார்த்ததில்லை, பார்த்தவர் வாய் கட்டியிருக்கிறது.

கூட்டம் நெருக்கியது. அரோகரா சத்தத்தில் நைனாவின் காதருகே குனிந்து, "ஒண்ணும் தெரியல நைனா, திரைதான் இருக்கு" என்றேன். இத்தனை தூரம் வந்தும் அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லையே என்று எனக்கு அழுகை முட்டியது.

"எல்லாருக்குமா?" என்றார்.

"எல்லாருக்கும்தான்."

அவர் முகம் தெளிந்தது. கூப்பிய கையை இறக்காமலே, "அப்ப திரையச் சொல்லு" என்றார்.

மயில் என்று தொடங்கினேன். மயில் மேல் முருகன், இந்தப் பக்கம் வள்ளி, அந்தப் பக்கம் தெய்வானை. துணியில் வரைந்திருக்கிறது, காற்றில் லேசாக ஆடுகிறது. கீழ் ஓரத்தில் எண்ணெய்க் கறை. வலது பக்கம் மடிப்பில் வள்ளியின் கை மறைந்திருக்கிறது, சரியாகத் தெரியவில்லை என்றேன். தெரியாததையும் சொன்னேன். அவர் பக்கத்தில் நின்றவரிடம் எதையும் கேட்கவில்லை.