டீயா, காபியா?

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏழோ எட்டோ தாண்டியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அவருக்கு வயது 46, எனக்கு 44. "பயப்படாதே கண்ணா, இதோ வந்துடுச்சு" என்று அவர் கையைத் தட்டிக்கொடுத்தேன். முன் இருக்கையிலிருந்து முகாமை நடத்தும் அம்மாள் திரும்பிப் பார்த்தார். மேலே போய்ப் பைகளை இறக்கும்போது என்னைத் தனியே அழைத்தார். "வெளியில உங்களைவிட மூத்தவங்க யாரையாவது கண்ணான்னு கூப்பிடுவீங்களா?" கோபமாகக் கேட்கவில்லை. "இங்க அண்ணா, அக்கா. வாங்க, போங்க. அவ்வளவுதான்."

அறிவு வளர்ச்சியில் குறைபாடுள்ள பெரியவர்களுக்காக மே மாதத்தில் நடக்கும் நான்கு நாள் முகாம் அது. வந்தவர்கள் 12 பேர். துணைக்கு நாங்கள் 12 பேர். ஒருவருக்கு ஒருவர். வழியில் என் கையைப் பிடித்த அண்ணாவுக்கு நான். வலிப்பு மாத்திரையை நேரம் தவறாமல் கொடுப்பது, குளியலறையில் வழுக்காமல் பார்த்துக்கொள்வது, சாப்பாட்டைச் சின்னத் துண்டுகளாக்கி வைப்பது, இரவில் ஒருமுறை எழுப்பிக் கழிப்பறைக்கு அழைத்துப் போவது, இவைதான் வேலை. முதல் நாள் முடிவதற்குள் பழகிவிட்டது. பழகாமல் இருந்தது வாய்தான். "அண்ணா, குளிக்க வர்றீங்களா?" என்று கேட்க வேண்டிய இடத்தில் "வா வா, சீக்கிரம்" என்றே வந்தது.

தமிழில் மரியாதையை மனசுக்குள் மட்டும் வைத்துக்கொள்ள வழியில்லை. வந்தான் என்றோ வந்தார் என்றோ சொல்லித்தான் வாக்கியத்தை முடிக்க முடியும். அண்ணாவைப் பற்றிப் பேசிய ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் நான் அவரை யாராக நினைக்கிறேன் என்பது வெளியே வந்துவிட்டது. 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் தமிழ்நாட்டில் நிலைத்துவிட்டது. அது நல்ல மாற்றம். ஆனால் அந்தச் சொல்லைப் பிசகாமல் சொல்லும் அதே வாய், 46 வயதுக்காரரை "ஸ்பெஷல் சைல்டு" என்றும் சொல்கிறது.

அண்ணாவுக்கு டவுன் சின்ட்ரோம். 1983-இல் அமெரிக்காவிலேயே இந்த நிலையோடு பிறந்தவர்களின் சராசரி ஆயுள் 25 வயதுதான். இன்று அது 60-ஐ ஒட்டி இருக்கிறது. பிறவி இதயக் கோளாறுகளுக்கு அறுவை சிகிச்சை வந்தது பெரிய காரணம். பிள்ளைகள் பிழைத்தார்கள், வளர்ந்தார்கள். நாமோ அவர்களுக்குப் பள்ளிக்கூடங்களோடு நின்றுவிட்டோம். 18 வயதில் சிறப்புப் பள்ளியை விட்டு வெளியே வந்த அண்ணா, அடுத்த 28 ஆண்டுகளையும் பெரும்பாலும் ஒரே வீட்டின் முன்னறையில் கழித்திருக்கிறார். கடைசியாக எப்போது ஒரு நண்பரோடு வெளியே போனார் என்று யோசித்தேன். நண்பர் என்று ஒருவர் இருந்திருப்பாரா?

இரண்டாம் நாள் இரவு, படுத்தபடியே ஏதோ பாட்டை முணுமுணுத்தார். தூர்தர்ஷனில் வெள்ளிக்கிழமை ஒளிபரப்பான 'ஒலியும் ஒளியும்' நிகழ்ச்சியில் நான் சின்ன வயதில் கேட்ட பாட்டு. அடுத்த வரியை நான் எடுத்தேன். உடனே எழுந்து உட்கார்ந்துவிட்டார். நடுக்கூடத்தில் பாயைப் போட்டு, தெருவே கூடிப் பார்த்த அதே வெள்ளிக்கிழமைகள் அவருக்கும் இருந்திருக்கின்றன. இப்படி ஒரு கடந்த காலம் அவருக்கு இருக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. குழந்தை என்று முடிவு கட்டிவிட்டால் அவருடைய முப்பது நாற்பது வருடங்களையும் சேர்த்தே அழித்துவிடுகிறோம்.

இனி தலைப்பில் உள்ள டீ விஷயம். முகாமில் தினமும் காலை, ஒவ்வொருவரிடமும் "டீயா, காபியா?" என்று கேட்க வேண்டும். பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். முதல் நாள் அண்ணா என் முகத்தையே பார்த்தார். எந்தப் பதிலை நான் எதிர்பார்க்கிறேன் என்று தேடுவது போலிருந்தது. பின்னால் வரிசை நின்றது. நானே ஒரு டீயை எடுத்து நீட்டினேன். வாங்கிக் குடித்தார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் வாயைத் திறக்காமல் நின்றேன். ஒரு நிமிடம் போனது, இரண்டு போனது. "வேண்டாம்" என்றார். டீயும் வேண்டாம், காபியும் வேண்டாம். பிறகு சன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். காபித் தோட்டத்து ஓரத்தில், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே போய் நிற்க ஆசை. போய் நின்றோம்.

அவர் அம்மாவுக்கு 74 வயது. மகனுக்கு டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை என்பது அந்த அம்மாவுக்குத் தெரியும், கேட்க வேண்டியதில்லை. அதைக் குறை சொல்ல எனக்கு அருகதை கிடையாது. "அவனுக்கு மறுநாள் நான் போயிடணும்" என்று பேருந்து நிலையத்தில் என்னிடம் சொன்னவர் அவர். ஆனால் அந்த மறுநாள் யார் கையிலும் இல்லை. 18 வயதுக்குப் பிறகு பெற்றோர்கூடத் தானாகவே சட்டப்படி காப்பாளர் ஆகிவிட முடியாது. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட அளவிலான குழுவிடம் விண்ணப்பித்து நியமனம் பெற வேண்டும். அது காகிதத்தில் கிடைக்கும் பாதுகாப்பு. நாளை யாரோ ஒருவர் அவருக்கு ஊட்டுவார், உடை மாற்றுவார், தொடுவார். சொன்னபடி கேட்பதை மட்டுமே வாழ்நாள் முழுக்கப் பழகிய ஒருவர் அந்தக் கைகளிடம் எப்படி மறுப்பார்? "வேண்டாம்" என்ற சொல் அவரிடம் பழக்கத்தில் இருந்தாக வேண்டும்.

முன்னாள் அமெரிக்க அதிபர் கென்னடியின் தங்கை ரோஸ்மேரியை நினைத்துக்கொள்கிறேன். கற்பதில் பின்தங்கிய பெண். 1941-இல், 23 வயதில், தந்தையின் முடிவுப்படி அவருக்கு மூளையில் அறுவை செய்தார்கள். நடையும் பேச்சும் போயின. 2005-இல் இறக்கும்வரை பராமரிப்பிலேயே வாழ்ந்தார். இன்னொரு சகோதரி யூனிஸ், 1962-இல் மேரிலாந்தில் தன் வீட்டுத் தோட்டத்தில் அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு ஒரு கோடை முகாம் நடத்தினார். மாணவர்கள் துணைக்கு வந்தார்கள். அதுதான் வளர்ந்து, 1968-இல் சிகாகோவில் முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் ஆனது. அந்த முகாமின் புகழைவிட ரோஸ்மேரியின் 23 வயதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. வயது வந்த பெண். அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் யார் காதில் விழுந்திருக்கும்?

கடைசி நாள் சேலம் பேருந்து நிலையத்தில் அம்மா காத்திருந்தார். மகனின் கன்னத்தை வழித்து, "வாடா கண்ணா" என்றார். அந்தக் கண்ணா வேறு. அதற்கு அவருக்கு 46 வருட உரிமை இருக்கிறது. என் பக்கம் திரும்பி, "ஒழுங்கா இருந்தானாப்பா?" என்று கேட்டார்.

"நல்லா இருந்தார்ம்மா."

அம்மா என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு சுருக்குப்பையை எடுத்தபடி டீக்கடைப் பக்கம் இரண்டு அடி வைத்து, நின்று, மகனைத் திரும்பிப் பார்த்தார். "டீ குடிக்கிறியாப்பா?"

அண்ணா யோசித்தார். பேருந்துகளின் இரைச்சலுக்கு நடுவே நாங்கள் இரண்டு பேரும் அவர் சொல்லட்டும் என்று நின்றோம்.